சிறுநீரக மாற்று: மாற்றா, நடவா?

"கிட்னி மாத்திட்டாங்க" என்றதும், பழைய மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுவதுபோல்தான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கெட்டுப்போன இரண்டும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுருங்கிக் கிடக்கும். நீர்க்கட்டிகளால் மிகவும் பெருத்திருந்தாலோ ஓயாத கிருமித்தொற்று இருந்தாலோதான் எடுப்பார்கள். புதியதை அடிவயிற்றில், பெரும்பாலும் வலப்பக்க இடுப்பெலும்புக் குழியில் வைப்பார்கள். அதன் தமனியையும் சிரையையும் காலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களோடும், சிறுநீர்க்குழாயைச் சிறுநீர்ப்பையோடும் தைப்பார்கள். ஆக, உடலில் மூன்று சிறுநீரகங்கள்.

குழப்பம் 'மாற்று' என்ற சொல்லில் இருக்கிறது. மாற்றுத்துணி என்றால் ஒன்றைக் களைந்து இன்னொன்றை உடுத்துவது. போதாததற்கு, செயலிழந்த சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் எல்லா முறைகளுக்கும் மருத்துவத்தில் ஒரு பொதுப்பெயர் உண்டு. தமிழாக்கினால் அதுவும் 'சிறுநீரக மாற்றுச் சிகிச்சை'தான். டயாலிசிஸும் அதில் அடக்கம்!

இந்த அறுவைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டிரான்ஸ்பிளான்ட் என்பது தோட்டத்துச் சொல். இலத்தீனில் 'டிரான்ஸ்' என்றால் அப்பால், 'பிளான்டாரே' என்றால் நடுதல். பிடுங்கி வேறிடத்தில் நடுவது, அதாவது நம் நாற்று நடவு. சிலர் 'பதியம்' என்கிறார்கள். பதியத்தில் கிளை வேர்விடும்வரை தாய்ச்செடியோடு இருக்கும். இங்கே முதலிலேயே அறுத்துவிடுகிறோம். 'ஒட்டு' இன்னும் நெருக்கம். பொருத்திய உறுப்பை மருத்துவர்களே 'கிராஃப்ட்' (graft), அதாவது ஒட்டு என்றுதான் சொல்வார்கள்.

நடவுச் சொல் வேறொன்றையும் விளக்கிவிடும். நட்ட நாற்று பச்சை பிடிக்கச் சில நாள் ஆகுமே, அதுபோல மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து பெற்று, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்த சிறுநீரகம் உடனே வேலை செய்யாமல் போகலாம். அது இயங்கத் தொடங்கும்வரை டயாலிசிஸ் தொடரும். அதைக் கண்டு தோல்வி என்று பதற வேண்டாம். உயிருள்ள உறவினர் கொடுத்ததென்றால், ரத்தக்குழாயை இறுக்கியிருந்த கவ்வியை விடுவித்ததும் வெளுத்திருந்த உறுப்பு சிவந்து, பல நேரம் அறுவை மேசையிலேயே சிறுநீர் சொட்டும்.

1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் ஜோசப் மர்ரே முதன்முதலாக வெற்றி கண்டது, ஒரே கருவில் பிரிந்த இரட்டையரிடம். அதனால் உடல் புதிய உறுப்பை எதிர்க்கவில்லை. மற்றவர்களுக்கு எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரை, உறுப்பு இயங்கும் காலம் முழுவதும் வேண்டும். அவற்றில் ஒன்றான டாக்ரோலிமஸ் பெரும்பாலும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு பார்க்கும் நாளில் ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரை. முதலில் விழுங்கிவிட்டால் அளவு கூடுதலாகத் தெரியும். மருந்தைக் குறைத்துவிடுவார்கள், உடல் உறுப்பை நிராகரிக்க வழி திறந்துவிடும். பம்பளிமாஸ் பழமும் ஆகாது. அது மருந்தளவை ஏற்றிவிடும்.

'உறுப்பு மாற்று' அரசு வழக்கிலேயே ஊன்றிவிட்டது, இனிப் பிடுங்க முடியாது. தலைப்பில் அது இருக்கட்டும். நோயாளியிடம் பேசும்போது 'சிறுநீரகம் பொருத்துதல்' என்பதே சரி. எடுத்ததாகப் பொருள் தராது. ஸ்கேன் எடுக்கப் போனாலும் "மாத்தியாச்சு" என்று நிறுத்தாமல், "வலப்பக்க அடிவயிற்றில் பொருத்தியிருக்கிறது" என்று சொல்லுங்கள்.