கஞ்சி லேசான சாப்பாடு இல்லை

நான் பிசியோதெரபிஸ்ட். நடக்க முடியாமல் உட்கார்ந்தே எடை கூடிப்போனவரைப் பார்க்கப் போனதில் அந்த மாதத்தில் மட்டும் அது நான்காவது வீடு. குமரி மாவட்டத்துக் களியக்காவிளையிலிருந்து உள்ளே போனால் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஓட்டு வீடு. 63 வயது அம்மா, முப்பது வருடம் ரப்பர் பால் வெட்டியவர். மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. வாக்கரைப் பிடித்துக் குளியலறை வரை நடப்பார். மற்ற நேரமெல்லாம் நாற்காலிதான். அந்த ஏழு மாதத்தில் 11 கிலோ கூடியிருந்தார்.

"அம்மைக்குக் கஞ்சி மட்டுந்தான் குடுக்கோம் சாரே. பிறகும் எப்படி உடம்பு வைக்குது?" என்று மகள் கேட்டார். டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக் காட்டினார். கடைசி வரியில் 'லைட் டயட், எடையைக் குறைக்கவும்' என்று இருந்தது. எப்படிக் குறைப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. அந்த மகள் தனக்குத் தெரிந்த லேசான சாப்பாட்டைக் கொடுத்தார். அவர் மேல் தப்பு இல்லை.

அம்மாவின் தொடையை டேப் வைத்து அளந்தேன். முறிந்த பக்கம் மற்றதைவிட நான்கு சென்டிமீட்டர் குறைவு. கையால் பிடித்தால் தசை தட்டுப்படவில்லை, நனைந்த துணி மாதிரி நழுவியது. வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கிறது. எடை கூடியிருக்கிறது, ஆனால் எழுந்து நிற்பதற்கான கால் கரைந்துகொண்டிருக்கிறது. ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007-ல் வந்தது. கால்களில் மட்டும் சுமார் ஒரு கிலோ தசை போயிருந்தது. வெறும் 10 நாளில்!

இப்போது கஞ்சிக்கு வருவோம். ஜீரணிக்க எளிதானது என்றால் உடம்பு வைக்காது என்று அர்த்தமில்லை. 100 கிராம் அரிசியைச் சோறாக வடித்தாலும் கஞ்சியாகக் குழைத்தாலும் சுமார் 350 கலோரிதான். வடித்தால் கொஞ்சம் மாவாவது தண்ணீரோடு போகும், கஞ்சியில் அதுவும் உள்ளேதான் இருக்கும். அதில் இருக்கும் புரதம் ஏழெட்டு கிராம். மெல்ல வேண்டியதில்லை, மடக் மடக்கென்று இறங்கிவிடும். இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும். பசித்தால் பிஸ்கட். 'மாரி பிஸ்கட்தானே சாரே' என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். நான்கு மாரி பிஸ்கட் சுமார் 100 கலோரி, கூடவே சீனி போட்ட சாயா. சாயங்காலம் மால்ட் பவுடர் கலக்கிய பால், அதில் தொட்டுக்கொள்ள பிரெட். ராத்திரி மறுபடி கஞ்சி, தேங்காய்த் துவையல், பொரித்த பப்படம். அந்த அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டை நோட்டில் எழுதிக் கூட்டினேன். புரதம் 30 கிராமைத் தாண்டவில்லை. அவர் வயதுக்கு, அவர் உயரத்துக்கு இருக்கவேண்டிய எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமாவது வேண்டும். கிட்டத்தட்டப் பாதிதான் வருகிறது. படுத்திருப்பவருக்கு எதற்கு முட்டை, எதற்கு மீன் என்று கேட்கிறார்கள். படுத்திருப்பவருக்குத்தான் வேண்டும்!

நம்முடைய சாப்பாட்டுத் தட்டு, ஓடியாடி உழைக்கிற உடம்புக்காக உருவான தட்டு. விசாகம் திருநாள் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்டபோது மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, ஊக்கப்படுத்தினார். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது நம் தாத்தா பாட்டிகளின் வயிற்றைக் காப்பாற்றியது அந்தக் கிழங்குதான். விடியுமுன் எழுந்து மேடு ஏறி நூற்றுக்கணக்கான மரத்தில் பால் வெட்டுகிறவருக்கு மரச்சீனி எரிபொருள். அவரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால், 100 கிராமில் ஒன்றரை கிராம் புரதம்கூட இல்லாத கிழங்கு வேறு கணக்கு ஆகிவிடுகிறது. மரச்சீனியை விடச் சொல்லவில்லை. இரண்டு துண்டு போதும், பக்கத்தில் மீன் நிறைய இருக்கட்டும்.

சமைக்க நேரமில்லை என்பது நியாயமான குறை. மகள் முந்திரி ஆலைக்குக் காலை ஏழரைக்கே கிளம்ப வேண்டும். அதனால் கையோடு முடிகிற சாப்பாடாகச் சொல்கிறேன். சிறுபயறை ராத்திரி ஊறப்போட்டுக் காலையில் குக்கரில் இரண்டு விசில் விட்டால், புட்டு அரைக்குழலும் பயறு ஒரு கிண்ணமும் காலைச் சாப்பாடு. புட்டு முழுக்குழல், பயறு ஒரு கரண்டி என்று இதுவரை இருந்தது, அதைத் திருப்பிப் போடுங்கள். குளச்சல் மீனும் தேங்காய்ப்பட்டணம் மீனும் வாசலுக்கே வருகிறது. சாளை வாங்கிப் புளி ஊற்றி வையுங்கள், பொரிக்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் சுமார் 120 கலோரி. சாளை 100 கிராமில் சுமார் 20 கிராம் புரதம். மத்தியானம் சோறு ஒரு கப், மீன், முருங்கைக்கீரைத் துவரன். நாலு மணிக்கு அவித்த முட்டை, மோர். ராத்திரி கடலைக்கறியோ பயறோ, ஒரு ஆப்பம்.

தானே சமைக்கிறவர்கள் உட்கார்ந்து சமையுங்கள். தரையில் அரிவாள்மணை வேண்டாம், மேசையும் கத்தியும் போதும். அடுப்பையும் மேசை உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். கொதிக்கிற பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வீல்சேரை உருட்டாதீர்கள். தொடை வெந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன்.

நாற்காலியில் இருந்தபடியே முழங்காலை நீட்டி ஐந்து எண்ணி இறக்குவது, அரை லிட்டர் பாட்டிலைத் தோளுக்கு மேல் தூக்குவது, இதெல்லாம் டிவி விளம்பர நேரத்திலேயே முடிந்துவிடும். ஆனால் நடக்காமல் எடை குறையவே குறையாது என்று நினைக்காதீர்கள். குறையும். தட்டில்தான் பெரும்பாதி இருக்கிறது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது.

பட்டினி மட்டும் போடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். கொழுப்போடு சேர்ந்து தசையும் போய்விடும். படுக்கைப்புண் இருந்தால் அது ஆறுவதும் கஷ்டம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சோற்றைக் குறைக்குமுன் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டும். சொல்லாமல் குறைத்துச் சர்க்கரை இறங்கி மயங்கிய கதை ஒன்றல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் புரத அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கவாதத்தில் விழுங்கச் சிரமப்படுகிறவருக்குக் குழைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தால் நீங்களாக மாற்றாதீர்கள், அந்தக் குழைவிலேயே மீனையும் பருப்பையும் மசியுங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, காலும் வீங்கினால் அது சாப்பாடு இல்லை, நீர். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

நிற்க முடியாதவரை எப்படி எடை போடுவது என்று கேட்கிறார்கள். அந்த அம்மாவை ரப்பர் ஷீட் கடையின் எடைமேடையில் வீல்சேரோடு ஏற்றினோம், பிறகு காலி வீல்சேரைத் தனியாகப் போட்டுக் கழித்தோம். கடைக்காரர் சணல் சாக்கை விரித்துச் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில், ஒரே எடைமேடையில். முதல் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ இறங்கியது. போன செவ்வாய்க்கிழமை நாற்காலிக் கையைப் பிடிக்காமல் ஒரே ஒரு தடவை எழுந்து நின்றார், மூன்று எண்ணும் வரை.