தங்கா நஞ்சு: 'தற்காலிக நச்சு வாயு' ஏன் தவறு

தம்பி மகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறாள். போன வாரம் மன்னார்குடி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குறிப்பேட்டை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். "வேதி ஆயுதங்களில் நிரந்தர நச்சு வாயு, தற்காலிக நச்சு வாயு என இரு வகை உண்டு." இதே சொல்லை ஒரு பயிற்சி வகுப்பிலும் ஒரு தொலைக்காட்சி விவாதத்திலும் முன்பே கேட்டிருந்தேன். மூன்றாம் முறை பொறுக்க முடியவில்லை. "தற்காலிகம்னா என்னம்மா புரிஞ்சுது?" என்றேன். "கொஞ்ச நேரம் மயக்கம் வரும், அப்புறம் சரியாயிடும், பெரியப்பா" என்றாள்.

அவள்மேல் குற்றமில்லை. சொல் அப்படித்தான் சொல்லுகிறது.

ஆங்கிலத்தில் இது 'நான்-பெர்சிஸ்டன்ட்'. இலத்தீனில் 'சிஸ்டெரே' என்றால் நிற்பது. முன்னொட்டும் எதிர்மறையும் சேர்ந்து, நின்று நிலைக்காதது என்று பொருள். நிற்காதது எது? போட்ட இடத்தில் நஞ்சு. குளோரின், பாஸ்ஜீன், ஹைட்ரஜன் சயனைடு போன்றவை சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ காற்றோடு கலந்து அகன்றுவிடும். கடுகு வாயு என்கிறோமே, அது உண்மையில் எண்ணெய் போன்ற நீர்மம். மண்ணிலும் துணியிலும் நாள்கணக்கில் ஒட்டிக்கிடக்கும். வேறுபாடு அவ்வளவுதான். ஆள் பிழைப்பானா மாட்டானா என்பதற்கும் இந்தப் பகுப்புக்கும் தொடர்பே இல்லை.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே ஜெர்மானியர் 150 டன்னுக்கு மேல் குளோரினைத் திறந்துவிட்டார்கள். மேகம் கலைந்துபோனது, அதை மூச்சில் இழுத்த பலரின் நுரையீரல் மீளவில்லை. பாஸ்ஜீன் இன்னும் கொடிது. புது வைக்கோல் வாசம் அடிக்கும் என்பார்கள். காற்று தெளிந்து, ஆள் எழுந்து நடமாடி, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துச் சாவான். இதற்கா தற்காலிகம் என்று பெயர்? வெள்ளத்துக்குப் போடும் முகாம் தற்காலிகம், ஆற்றுக்குக் குறுக்கே போடும் மரப்பாலம் தற்காலிகம். காலம் முடிந்தால் பழைய நிலை திரும்பும் என்ற உறுதி அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. செத்தவன் திரும்புவதில்லை.

'நிலையற்ற வாயு' என்று எழுதுகிறவர்களும் உண்டு. திருக்குறளில் 'நிலையாமை' அதிகாரமே இருக்கிறதே என்று வாதாடுவார்கள். குறளில் அது சரி. ஆனால் இன்றைய வேதியியல் பாடத்தில் 'நிலையற்ற சேர்மம்' என்றால் தானாகச் சிதைவது என்று பொருள். குளோரின் ஒரு தனிமம். அது எதுவாகச் சிதையும்? இடத்தை விட்டு நகர்கிறதே தவிர, தன்மை கெடுவதில்லை. குளிரில் கூடுதல் நேரமும் வெயிலிலும் காற்றிலும் குறைந்த நேரமும் கிடப்பது அதே நஞ்சுதான்.

நம் பக்கத்து வயலில் இதற்குச் சொல் இல்லாமலா போயிற்று? சம்பாவுக்கு மருந்தடித்த அன்றே மழை பிடித்துக்கொண்டால் "மருந்து தங்கல" என்போம். நெல் கிடங்கில் மூட்டைகளைப் போர்த்தி, ஓரங்களில் மணல் பை வைத்து அடைத்து, அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைக்கிறார்களே, அதிலிருந்து வரும் பாஸ்பீன் தங்காத நஞ்சுக்கு நல்ல எடுத்துக்காட்டு. திறந்து காற்றாட விட்டால் போய்விடும், அதனால்தான் உண்ணும் தானியத்துக்கு அதை வைக்கிறார்கள். மூடியிருக்கும்போது உள்ளே போனவன் உயிரோடு வருவது அரிது. அந்த வேலை செய்கிறவர் யாரும் அதைத் தற்காலிக விஷம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

ஆகவே, தங்கு நஞ்சு, தங்கா நஞ்சு. 'தேங்கா நஞ்சு' என்று ஒரு நண்பர் சொன்னார். காதுக்குத் தேங்காய் என்று விழும் என்பது ஒருபுறம், பொருளும் பிழை. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனம். பள்ளத்திலும் பதுங்குகுழியிலும் இறங்கித் தேங்கவே செய்யும், வாய்க்கால் வடியும் முன் தாழ்ந்த வயலில் தண்ணீர் நிற்பது போல. தேங்கும், ஆனால் தங்காது. இந்த இரண்டு வினைக்கும் உள்ள தூரத்தை டெல்டாக்காரனுக்கு விளக்க வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டுமுன் பொருளைப் பார்க்க வேண்டும். 'பெர்மனென்ட், டெம்பரரி' என்ற அலுவலகச் சோடியை மனத்தில் வைத்துக்கொண்டு போர்க்களத்தை மொழிபெயர்த்திருக்கிறார்கள். அரசு வேலைக்குப் பொருந்தும் சொல் நஞ்சுக்குப் பொருந்துமா? 'வாயு' என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு ஒட்டுகிறார்கள். நரம்பைத் தாக்கும் போர் நஞ்சான சரின் அறை வெப்பத்தில் நீர்மம், ஆவியாகித்தான் பரவுகிறது. நஞ்சு என்றால் இரண்டுக்கும் பொருந்தும்.

"பரீட்சையில இப்படி எழுதினா மார்க் போடுவாங்களா?" என்று கேட்டாள். 'தங்கா நஞ்சு' என்று எழுதி, பக்கத்திலேயே 'விரைவில் கலையும், ஆனால் கொல்லும்' என்று எழுதச் சொன்னேன். குறிப்பேட்டில் பழைய வரியை அடித்துவிட்டாள்.