அரை மில்லிமீட்டர் விம்மல்

அமெரிக்காவின் நாஷ்வில் நகரின் லோயர் பிராட்வே தெருவில் பட்டப்பகலிலேயே பாட்டு தொடங்கிவிடும். அங்கே ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் என்றொரு ஹாங்கி டாங்க், அதாவது கன்ட்ரி இசை ஒலிக்கும் மதுக்கூடம். ஒரு காலத்தில் பூட்ஸ் கடையாகவும் இருந்ததால் இன்றும் சுவரோரம் வரிசையாகக் கௌபாய் பூட்ஸ். ஒரு மதியம் அந்தக் கூட்டத்தில் எல்லாரும் பாடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்தவரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வாசித்தது பெடல் ஸ்டீல் என்ற கிட்டார் வகை. சட்டென்று பார்த்தால் இஸ்திரி போடும் மேசை. மேலே பத்துக் கம்பிகள், கீழே பெடல்கள், முழங்காலால் தள்ளுவதற்கு நாலைந்து நெம்புகோல்கள். பிரிவைப் பாடும் பாட்டில் (ஹாங்கி டாங்க்கில் பாதிப் பாட்டு அப்படித்தான்) பாடகர் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்கும்போது பின்னாலிருந்து ஒரு விம்மல் கேட்குமே, அது இதனுடையது.

கம்பியின் மேல் இரும்புக் கட்டையை வழுக்குவதால்தான் அந்த விம்மல் என்று பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. வழுக்கி வாசிப்பது ஹவாயிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஜோசப் கெகுகு என்ற ஹவாய்க் கலைஞர் அதைப் பிரபலமாக்கினார். நம் கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்தக் குழைவு புதிதல்ல. ஆனால் கட்டைக்கு ஒரு குறை உண்டு. மூன்று கம்பிகளில் ச, க, ப சேர்ந்து ஒலிக்கும்போது கட்டையை நகர்த்தினால், தேர் நகர்கிற மாதிரி மூன்றும் ஒன்றாகத்தான் நகரும். ஒன்றை மட்டும் தனியே நகர்த்த வழியில்லை.

பெடல் செய்வது அந்த ஒன்றைத்தான். ‘ஏ’ பெடலை அழுத்தினால் ‘ப’ மட்டும் மெல்ல ஏறி ‘த’ ஆகிறது. ‘ச’வும் ‘க’வும் அசையாமல் நிற்கின்றன. பக்கத்திலுள்ள ‘பி’ பெடல் ‘க’வை ‘ம’ ஆக்கும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் ச-க-ப என்பது ச-ம-த. கட்டை இருந்த இடத்திலேயே இருக்க, கார்டே (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டே) மாறிவிட்டது. அசையாத ஒரு ஸ்வரத்தை உரசிக்கொண்டு இன்னொரு ஸ்வரம் ஏறுவதுதான் அந்த விம்மல்.

கம்பியின் சுருதி அதன் நீளம், எடை, இழுவிசை மூன்றையும் பொறுத்தது. பெடல் மாற்றுவது இழுவிசையை. சுருதி இழுவிசையின் வர்க்கமூலப்படி ஏறுவதால், 247 ஹெர்ட்ஸில் இருக்கும் ‘ப’ கம்பியை 277 ஹெர்ட்ஸுக்கு ஏற்ற இழுவிசையைச் சுமார் 26 சதவீதம் கூட்ட வேண்டும். அதற்குக் கம்பியை எவ்வளவு இழுக்க வேண்டும் தெரியுமா? சுமார் 61 சென்டிமீட்டர் நீளக் கம்பிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அவ்வளவுதான். எஃகு அப்படி விறைப்பான உலோகம்.

கம்பியின் வலது முனை வளைந்த ஒரு உலோக விரலின் மேல் படிந்திருக்கும். பெடலை மிதித்தால் தண்டுகள் வழியாக அந்த விரல் துளி சுழன்று கம்பியை இழுக்கும். காலை எடுத்தால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும். பாதி மிதித்தால் பாதிச் சுருதி. இதில் ஒரு தொல்லையும் உண்டு. பத்துக் கம்பிகளும் சேர்ந்து நூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. பெடல் அழுத்தியதும் இழுப்பு இன்னும் கூடி, வாத்தியத்தின் உடலே இம்மியளவு வளைகிறது. விளைவு, தொடாத கம்பிகளின் சுருதி லேசாக இறங்கிவிடும். ‘கேபினெட் டிராப்’ என்பார்கள். நல்ல வாத்தியத்தில் அது காதுக்குத் தெரியாது, அப்படியே தெரிந்தாலும் கட்டையைச் சற்றுச் சாய்த்துச் சமாளிப்பார்கள்.

வலது காலுக்கு வேறு வேலை, அது வால்யூம் பெடலில் இருக்கும். மீட்டிய கணத்தில் வரும் ‘டிங்’ ஒலியை வைத்துத்தான் காது ஒரு வாத்தியத்தைப் பெருமளவு அடையாளம் காண்கிறது. வாசிப்பவர் மீட்டும்போது ஒலியைக் குறைத்து வைத்து, கம்பி அடங்க அடங்கப் பெடலைத் திறப்பார். ‘டிங்’ அமுங்கி, தேய வேண்டிய ஒலி தேயாமல் நிற்கும். கிட்டார் என்பதே மறந்து தொண்டை ஞாபகம் வரும்.

பெடல் வைத்த வாத்தியங்கள் 1940களிலேயே இருந்தன. ஆனால் கியர் மாற்றுவது போல, ஒரு சுருதியமைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான் அவை பெரும்பாலும் பயன்பட்டன. கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதித்து, அதையே எல்லார் காதிலும் விழவைத்தவர் பட் ஐசக்ஸ். அவர் அப்படி வாசித்த, வெப் பியர்ஸ் பாடிய ‘ஸ்லோலி’ என்ற பாட்டு 1954இல் ஹிட்டானதும், ஸ்டீல் வாசித்தவர்கள் தங்கள் வாத்தியத்துக்கும் பெடல் மாட்டக் கிளம்பினார்கள். அப்புறம் வந்த புகழ்பெற்ற தயாரிப்புகளில் ஒன்று ஷோ-பட். அந்தக் கம்பெனி இருந்தது, நான் நின்றிருந்த இதே ராபர்ட்ஸ் கட்டடத்தில்.

இடைவேளையில் அனுமதி கேட்டு, குனிந்து அடியில் பார்த்தேன். சைக்கிள் கடை மாதிரி தண்டும் ஸ்பிரிங்குமாக இருந்தது. நிமிரும்போதுதான் அவர் காலைக் கிட்டத்தில் கவனித்தேன். சுவரெல்லாம் பூட்ஸ், மேடையில் மற்ற எல்லாருக்கும் பூட்ஸ், இவருக்கு மட்டும் அடி தேய்ந்த பழைய கேன்வாஸ் ஷூ. கேட்டதற்குச் சிரித்தார். பூட்ஸ் போட்டால் பெடல் எங்கே நிற்கிறதென்று பாதத்துக்குத் தெரியாதாம்.