மிலேயின் உழவர்கள்: பேஸ்டல் தூள் ஒளிர்வது எப்படி?

பிரெஞ்சு ஓவியர் ழான் பிரான்சுவா மிலே 1866இல் பேஸ்டல் என்ற நிறத்தூள் குச்சிகளால் வரைந்த ‘மதிய ஓய்வு’ சுமார் 42 செ.மீ. அகலமுள்ள சிறு தாள்தான். வைக்கோல் போரின் நிழலில் அறுவடை செய்த ஆணும் பெண்ணும் அயர்ந்து கிடக்கிறார்கள். அப்பால் வயலில் வெயில் கண்ணைக் கூசுகிறது. அந்தக் கூச்சத்தைத் தருவது தூளுக்குள் சிக்கிய காற்று.

பேஸ்டல் குச்சியில் இருப்பவை நிறமி, சுண்ணக்கட்டித் தூள், குச்சி உடையாதிருக்கும் அளவுக்கு மட்டும் டிராகாந்த் பிசின். தாளில் இழுத்தால் துகள்கள் அதன் சொரசொரப்பில் தங்கும். காற்றின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 1. சுண்ணக்கட்டிக்கு ஏறக்குறைய 1.6. இவ்வளவு வேறுபாடு இருப்பதால் ஒளி துகளுக்குத் துகள் சிதறித் திரும்பிவருகிறது. எண்ணெய் ஓவிய வண்ணங்களில் சேரும் லின்சீட் (ஆளிவிதை) எண்ணெயின் எண் 1.48. அதில் குழைத்தால் வேறுபாடு சுருங்கி, சுண்ணக்கட்டியின் வெண்மையே மங்கிவிடும். மழையில் நனைந்த மண் கறுப்பதும் இப்படித்தான். தூள் உதிராமலிருக்க ஃபிக்சேட்டிவ் என்ற பிசின் கரைசலை அதிகம் தெளித்தால் படம் இருண்டுபோவதும் இதனால்தான்.

மிலே முதலில் கான்டே என்ற கெட்டியான கறுப்புக் குச்சியால் உடல்களை வரைந்துகொண்டார். உழைத்துக் களைத்த முதுகுகளின் கனம் அந்தக் கறுப்பில் இருக்கிறது. அதன்மேல் நிறங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் போட்டார். இடையிடையே தாளின் நிறத்தையும் விட்டுவைத்தார். நீலக் கோடும் பழுப்புக் கோடும் தள்ளிநின்று பார்க்கும் கண்ணில்தான் கலக்கின்றன. விரலால் தேய்த்திருந்தால் துகள்கள் தாளின் பள்ளங்களில் அமுங்கி, எல்லாம் சாம்பலாகியிருக்கும். புதிதாகப் பழகுவோர் பெரும்பாலும் கெடுப்பது இங்கேதான். பள்ளங்கள் நிறைந்துவிட்டால் அடுத்த நிறம் பிடிக்காமல் வழுக்கும். எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. விறைப்பான தூரிகையால் தூளைத் தட்டிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும்.

1865 முதல் எமில் காவே என்ற கட்டடக் கலைஞர் கேட்டு வாங்கியதால் மிலே பேஸ்டலில் நிறைய வரைந்தார். 1875இல் அவை பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது 22 வயது வான்கோ போய்ப் பார்த்தார். மிலேயின் எண்ணெய் ஓவியங்களைவிட இவற்றில்தான் வயல்வெளியின் உலர்ந்த வெயில் சரியாக விழுந்திருக்கிறது.

காப்பதுதான் பெரும்பாடு. நிறத்தாள் வெளிச்சத்தில் வெளுக்கும்; அதனால் அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (ஒளியின் அளவு) மங்கல் ஒளியில், சில மாதங்கள் மட்டுமே காட்சிக்கு வைக்கின்றன. படச்சட்டத்துக்குச் சாதாரண அக்ரிலிக் தகடு ஆகாது: துடைத்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி, தூளைத் தாளிலிருந்து இழுத்துவிடும். கண்ணாடியே நல்லது. அதுவும் படத்தைத் தொடாதபடி, சுற்றிலும் தடித்த அட்டை வைத்து, சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு மாட்ட வேண்டும்.