வாட்ச் மெஷினை மாற்றுகிறீர்களா? வாஷரையும் மாற்றச் சொல்லுங்கள்

பாம்பன், மண்டபம் பக்கமிருந்து வரும் வாட்ச்சின் பின்மூடியைத் திறந்தால், விளிம்பு முழுக்க வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். ரப்பர் வாஷர் நசுங்கி ஒரு பக்கம் அறுந்திருக்கும். செல்லைச் சுற்றிப் பச்சை படிந்திருக்கும். "செல் மட்டும் போட்டுக் குடுங்கண்ணே" என்றுதான் கேட்பார்கள். புதுச் செல் போட்டாலும் முள் அசையாது.

குவார்ட்ஸ் வாட்ச்சில் 1.55 வோல்ட் செல்லிலிருந்து மின்சாரம் வருகிறது. உள்ளே இருக்கும் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிரும். அதை எண்ணி நொடிக்கு ஒரு துடிப்பாக, முள்ளை நகர்த்தும் காயிலுக்கு அனுப்புகிறது சர்க்யூட். காயிலில் சுற்றியிருக்கும் செம்புக்கம்பி தலைமுடியைவிட மெல்லியது. உப்பு ஒரே ஒரு இடத்தில் அரித்துவிட்டாலும் வாட்ச் நின்றுவிடும். தீர்ந்துபோன செல்லை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டாலும், அது கசிந்து இதே வேலையைச் செய்துவிடும்.

அக்னி தீர்த்தத்தில் வாட்ச்சோடு முங்கிவிட்டு, அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரம் காயலாம், உப்பு அங்கேயேதான் இருக்கும். அன்றைக்கே கடைக்குக் கொண்டுபோய்த் திறந்து, முதலில் செல்லைக் கழற்றச் சொல்லுங்கள். உப்பு ஈரத்தில் மின்சாரமும் ஓடினால் அரிப்பு பல மடங்கு வேகமாகும். மூடியில் '30 மீட்டர்' என்று இருந்தால் கை கழுவலாம், மழைச்சாரல் படலாம். கடலில் குளிக்க அது போதாது.

காயில் போய்விட்டால், சாதாரண வாட்ச்சுக்கு மெஷினையே மாற்றுவதுதான் நல்லது. பழைய மெஷின் மேல் எண் பொறித்திருக்கும். மியோட்டா கம்பெனியின் 2035 என்றால் தேதி இல்லாத மூன்று முள் மெஷின், 2115 என்றால் தேதி உள்ளது. அதே எண்ணுள்ள மெஷினையே கேளுங்கள். தேதி ஜன்னல் மூன்று மணிப் பக்கமா ஆறு மணிப் பக்கமா என்பதும் பொருந்த வேண்டும். முள் மாட்டும் நடுத்தண்டின் உயரம் கூடினால் நொடிமுள் கண்ணாடியில் உரசும், குறைந்தால் முட்கள் ஒன்றோடொன்று இடிக்கும். முள் மாட்டும்போது, தேதி சரியாகத் தாவும் இடம் வரை, வாட்ச்சின் பக்கத்தில் இருக்கும் சாவியை மெதுவாகத் திருப்பி, அங்கே எல்லா முள்ளையும் 12-இல் வைத்து அழுத்த வேண்டும். அவசரப்பட்டு மாட்டினால் மத்தியானத்தில் தேதி மாறும். புதுச் சாவித்தண்டை அளவு பார்த்து வெட்டுவதும் இப்படிப் பொறுமையான வேலைதான். நீளமாக விட்டால் சாவி கேஸோடு ஒட்டாது, தண்ணீர் போகும்.

இத்தனையும் செய்துவிட்டுப் பழைய வாஷரையே போட்டு மூடினால், புது மெஷினும் அதே உப்பில்தான் போகும். பின்மூடி வாஷரைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். சாவிக்குள் இருக்கும் சின்ன வாஷரையும் பார்க்கச் சொல்லுங்கள், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கழற்றிய மெஷினைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா கட்டியிருந்த எச்.எம்.டி. ஜனதா போன்ற சாவி கொடுக்கும் வாட்ச் என்றால் பேச்சே வேறு. "குவார்ட்ஸ் மெஷின் வச்சுத் தர்றேன், நல்லா ஓடும்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். டயலின் பின்பக்கம் இருக்கும் ஊசி போன்ற கால்களை வெட்டித்தான் அதைப் பொருத்த வேண்டியிருக்கும், பிறகு பழைய மெஷினை அதன் இடத்தில் திரும்ப வைப்பது பெரும்பாடு. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட 2016-இல் மத்திய அரசு முடிவெடுத்துவிட்டது. ஆனாலும் பழைய வாட்ச்சுகளிலிருந்து உதிரிப் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. கழுவி எண்ணெய் போட்டாலே பல ஜனதாக்கள் ஓடிவிடும்.