குட்டி நாற்காலியில் உட்காரப் போகும் பிள்ளை

ஆனித் தேரோட்டம் நடக்கும் நாட்களில் திருநெல்வேலி டவுனில் ரத வீதியோரம் கடை போட்டிருப்பார்கள். குழந்தைகளின் கை முதலில் நீளுவது சொப்புச் சாமான் மேல்தான். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போனாலும் அப்படித்தான். அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக அரக்குச் சாயம் ஏற்றிச் செய்கிற அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு என்று ஒரு முழு அடுக்களையும் சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடும். நெல்லைச் சீமையில் பெண்பிள்ளை, ஆண்பிள்ளை பேதமில்லாமல் எல்லார் வீட்டிலும் இது கிடக்கும். இப்போது அதோடு பிளாஸ்டிக் கட்டில், நாற்காலி, கார் எல்லாம் சேர்ந்துகொண்டுவிட்டன.

இந்தக் குட்டிச் சாமான்களுக்கு நடுவே இரண்டு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு பொம்மை நாற்காலியை எடுத்து நிமிர்த்தி வைக்கும். திரும்பி நிற்கும். கால்களுக்கு இடையே குனிந்து, நாற்காலி இருக்கிறதா என்று ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளும். அப்புறம் முழங்காலை மடக்கி மெல்ல உட்காரும். நாற்காலி நழுவி ஓடிவிடும். பிள்ளை எழுந்து, முகத்தைச் சுளித்து, அதைத் தேடிப் பிடித்து, மறுபடியும் நிமிர்த்தி வைத்து மறுபடியும் உட்காரும். வாசலில் இருக்கும் ஆச்சி, "ஏட்டி, இங்க ஓடி வா, இவன் செய்யதப் பாரு" என்று அடுக்களையில் இருக்கும் மருமகளைக் கூப்பிடுவாள். அதற்குள் பிள்ளை பொம்மைக் காரின் கதவைத் திறந்து உள்ளே காலை நுழைத்துக்கொண்டிருக்கும்.

வீடே சிரிக்கிற இந்தக் காட்சிக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது: அளவுப் பிழை. 2004ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஜூடி டிலோச், டேவிட் உட்டல், கார்ல் ரோசன்கிரன் மூவரும் 'சயின்ஸ்' ஆய்விதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒன்றரை வயதிலிருந்து இரண்டரை வயது வரையுள்ள 54 குழந்தைகளை ஓர் அறையில் விளையாட விட்டார்கள். அங்கே குழந்தை ஏறிச் சறுக்கும் அளவுக்குச் சறுக்குமரம், உட்காரும் அளவுக்கு நாற்காலி, உள்ளே ஏறிக் காலால் தள்ளி ஓட்டும் அளவுக்குக் கார் இருந்தன. குழந்தைகள் அவற்றில் நன்றாக விளையாடி முடித்ததும் வெளியே அழைத்துப் போனார்கள். திரும்பி வரும்போது அந்த மூன்றும் இருந்த இடத்தில், அதே வடிவத்தில், அதே நிறத்தில் சொப்பு அளவுப் பொருட்கள் இருந்தன.

ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் அளவுப் பிழை செய்தார்கள். கைக்குள் அடங்கும் சறுக்குமரத்தின் மேல் உட்கார்ந்து சறுக்கப் பார்த்தார்கள். குட்டிக் காரின் கதவுக்குள் பாதத்தைத் திணித்தார்கள். ஒன்றரை வயதில் இந்தத் தவறு குறைவு. இரண்டு வயதை ஒட்டி ஏறி உச்சிக்குப் போகிறது, இரண்டரை வயதில் இறங்கிவிடுகிறது. அறிவு வளர வளரத் தவறு குறைய வேண்டும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். இங்கே முதலில் கூடுகிறது, பிறகுதான் குறைகிறது. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த சங்கதி இந்த ஏற்ற இறக்கம்தான்.

குழந்தை பாவனை விளையாட்டு விளையாடுகிறது, அவ்வளவுதானே என்று கேட்கலாம். பாவனை வேறு, இது வேறு. சொப்புக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் எடுத்துவரப் போகும் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். ஒரு சிரிப்பு இருக்கும், நீங்கள் பார்க்கிறீர்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளும், தண்ணீர் இல்லாததற்காக அழாது. அளவுப் பிழை செய்யும் பிள்ளையின் முகத்தில் விளையாட்டே இருக்காது. என் தம்பி மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போது தங்கை பிறந்தாள். பிறந்த பிள்ளையின் முழங்கைச் சட்டையை எடுத்துவந்து தன் தலையில் மாட்டிக்கொள்ளப் பார்த்தாள் இவள். நெற்றியைத் தாண்டவில்லை. என்னிடம் ஓடிவந்து, "அத்தே, மாட்டு" என்று சட்டையை நீட்டினாள். நான் தங்கச்சியின் சட்டை என்று சொல்லச் சொல்ல, அழுகைதான் கூடியது. உதவி கேட்பதும் கோபப்பட்டு அழுவதும், அவள் உண்மையாகவே அதைப் போட்டுக்கொள்ள நினைத்தாள் என்பதற்குச் சாட்சி.

சரி, இது எப்படி நடக்கிறது? பிள்ளையின் கண்ணில் குறையில்லை. கைக்குழந்தைகளுக்கே பொருளின் அளவு தெரியும். எட்டு, ஒன்பது மாதத்திலேயே உருண்டைக்கு ஏற்ற மாதிரி விரலை விரித்து நீட்டுகிறார்கள். பிறகு ஏன் இரண்டு வயதில் காருக்குள் காலை விடுகிறார்கள்?

கண்ணிலிருந்து மூளையின் பின்பக்கத்துக்குப் போகும் செய்தி, அங்கிருந்து இரண்டு பாதைகளில் பிரிந்து போகிறது. ஒன்று காதுப் பக்கமாகக் கீழே போகிறது. 'இது என்ன' என்று அடையாளம் காண்பது அதன் வேலை. இன்னொன்று உச்சந்தலைப் பக்கமாக மேலே போகிறது. 'இதை எப்படிப் பிடிப்பது, கையை எவ்வளவு திருப்புவது' என்பதை அது பார்த்துக்கொள்கிறது. இந்த இரண்டும் தனித்தனி வேலைகள் என்பதற்கு வலுவான சான்று ஒரு நோயாளியிடமிருந்து கிடைத்தது. கார்பன் மோனாக்சைடு நச்சால் மூளை பாதிக்கப்பட்ட அந்தப் பெண்ணை ஆய்வு நூல்கள் டி.எஃப். என்று குறிப்பிடுகின்றன. மெல்வின் குட்டேல், டேவிட் மில்னர் குழுவினர் 1991இல் அவரைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஒரு தட்டில் இருக்கும் நீளத் துளை நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா என்று கேட்டால் அவரால் காட்ட முடியவில்லை. அதே துளைக்குள் ஓர் அட்டையைப் போடச் சொன்னால், தபால் பெட்டியில் கடிதம் போடுவது போலச் சரியான சாய்வில் திருப்பிப் போட்டுவிட்டார். அடையாளப் பாதை பழுதாகியும் செயல் பாதை ஒழுங்காக இருந்தது.

நம் மூளையில் இந்த இரண்டும் சேர்ந்தே வேலை செய்வதால் பிரிவு தெரிவதில்லை. இரண்டு வயதுப் பிள்ளையிடம் இந்தச் சேர்க்கை இன்னும் முழுதாக அமையவில்லை என்பது டிலோச் குழுவின் விளக்கம். குட்டிக் காரைப் பார்த்ததும் அடையாளப் பாதை 'கார்' என்று சொல்கிறது. கார் என்றால் ஏறி உட்கார வேண்டும் என்ற பழகிய திட்டம் உடனே கிளம்பிவிடுகிறது. இது கையளவுதான் என்ற செய்தி அந்தத் திட்டத்தைத் தடுத்து நிறுத்த வேண்டிய நேரத்தில் வந்து சேர்வதில்லை. ஆனால் திட்டம் கிளம்பிய பிறகு, அதை நடத்திக்கொடுக்கும் செயல் பாதை அசல் அளவைச் சரியாகவே எடுத்துக்கொள்கிறது. குட்டிக் கதவைத் திறக்கப் பிள்ளை முழுக்கையை நீட்டாது. இரண்டு விரல் நுனியால் நுணுக்கமாகப் பிடித்துத் திறக்கும். திறந்துவிட்டு முழுக் காலையும் உள்ளே விடும்! தென்காசி வண்டிக்குத் தவறிப்போய்ச் செங்கோட்டை பலகையை மாட்டிவிட்டாலும் ஓட்டுநர் வளைவுகளில் சரியாகத்தான் திருப்புவார் இல்லையா, அது போலத்தான் இது. போகும் இடம் முடிவானதில் பிழை. ஓட்டுவதில் பிழையில்லை.

கிளம்பிய எண்ணத்தை அடக்குவது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளையின் பொறுப்பு. மூளையில் மிகவும் தாமதமாக முதிரும் பகுதி அது. இருபது வயதைத் தாண்டியும் அதன் வளர்ச்சி தொடர்கிறது. இரண்டு வயதில் அதனிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது. 'தொடாதே' என்று சொல்லச் சொல்ல, உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சுடுதண்ணிச் செம்பைத் தொடும் பிள்ளைக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் ஒன்றரை வயதில் ஏன் பிழை குறைவாக இருந்தது? அந்த வயதில் 'கார்' என்ற அடையாளமே இன்னும் அவ்வளவு வலுவாக ஊன்றவில்லை என்பது ஒரு பதில். இந்த இடத்தில் பேச்சு உள்ளே வருகிறது. ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் பிள்ளையின் சொற்கள் மளமளவென்று பெருகுகின்றன. ஒரு பொருளுக்குப் பெயர் வைக்கும்போது குழந்தைகள் பெரும்பாலும் அதன் வடிவத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். பார்பரா லாண்டாவ், லிண்டா ஸ்மித், சூசன் ஜோன்ஸ் 1988இல் செய்த ஆய்வில், புதுப் பெயர் சொல்லிக் காட்டிய ஒரு மரப்பொருளைப் போன்ற வடிவம் எங்கே தெரிந்தாலும் குழந்தைகள் அதே பெயரைச் சூட்டினார்கள். அளவு எவ்வளவு மாறினாலும் பொருட்படுத்தவில்லை. பெயர் கற்க இது நல்ல வழி. பேருந்து நிலையத்தில் நிற்கும் பேருந்தும், படப் புத்தகத்தில் இருக்கும் பேருந்தும், உருட்டி விளையாடும் பேருந்தும் ஒன்றுதான் என்று பிள்ளை பிடித்துக்கொள்வது இப்படித்தான். அளவைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வடிவத்தைப் பிடித்துக்கொண்ட அதே மனம்தான் குட்டி நாற்காலியைப் பார்த்து 'நாற்காலி, உட்காரலாம்' என்கிறது. அளவுப் பிழையைச் சொல் வளர்ச்சியோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். பாதைகளின் சேர்க்கை, அடக்கும் திறன், சொல் வளர்ச்சி மூன்றும் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. தன் உடம்பு எவ்வளவு பெரியது என்பதே இந்த வயதில் பிள்ளைக்கு முழுதாகத் தெரியாது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் சீலியா பிரவுனல் 2007இல் தன் சகாக்களோடு வெளியிட்ட ஆய்வில், சின்னஞ்சிறு குழந்தைகள் பொம்மை உடுப்பைத் தாங்கள் போட்டுக்கொள்ளவும், நுழையவே முடியாத இடுக்கில் நுழையவும் முயன்றார்கள். வாசல் கேட்டுக் கம்பிக்குள் தலையை விட்டுவிட்டு எடுக்கத் தெரியாமல் அலறும் பிள்ளையைத் தெருவுக்கு ஒன்றாவது பார்த்திருப்போம். தலை போகும் வழியில் உடம்பு போகுமா என்ற கணக்கு அதற்கு இன்னும் கைவரவில்லை.

இதெல்லாம் நீண்ட ஒரு பாடத்தின் நடுப்பகுதி. பாடம் தொடங்குவது படத்தில். ஒன்பது மாதப் பிள்ளையிடம் அல்வாவோ பழமோ அச்சடித்த வண்ணப் படத்தைக் காட்டினால், படத்தைத் தடவும், தட்டும், நகத்தால் கிள்ளி எடுக்கப் பார்க்கும். டிலோச் 1998இல் அமெரிக்கக் குழந்தைகளிடமும், படங்களை அதிகம் பார்த்திராத மேற்கு ஆப்பிரிக்க ஐவரி கோஸ்ட் கிராமத்துக் குழந்தைகளிடமும் இதைச் செய்து பார்த்தார். இரண்டு இடத்திலும் படத்தைப் பிடுங்கப் பார்த்தார்கள். ஒன்றரை வயதைத் தாண்டிய பிள்ளைகள் பிடுங்குவதை விட்டுவிட்டு விரலால் சுட்டிக் காட்டினார்கள். படம் ஒரு பொருள், அதே நேரம் வேறொன்றைக் குறிக்கவும் செய்கிறது என்பது அதற்குள் புரிந்துவிடுகிறது. தட்டையான படத்துக்குக் கிடைத்த அந்தப் புரிதல், தொட்டுத் தூக்கக்கூடிய பொம்மைக்கு வருவதற்கு இன்னும் நாளாகிறது.

எவ்வளவு நாளாகிறது என்பதை டிலோச் 1987லேயே அழகாகக் காட்டியிருந்தார். ஓர் அறை, அதன் சின்ன மாதிரி இரண்டையும் வைத்துக்கொண்டார். மாதிரி அறையில் குட்டிச் சோபாவுக்குப் பின்னால் குட்டிப் பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டு, பெரிய அறையில் பெரிய பொம்மையும் அதே இடத்தில்தான் இருக்கிறது, கண்டுபிடி என்றார். மூன்று வயதுப் பிள்ளைகள் நேராகப் போய் எடுத்தார்கள். அவர்களைவிடச் சில மாதமே இளைய இரண்டரை வயதுப் பிள்ளைகள் திணறினார்கள். குட்டிப் பொம்மை எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் சரியாகச் சொன்னார்கள். பத்தாண்டு கழித்து இதையே வேறு விதமாகச் செய்தார்கள். பெரிய பொருளைச் சின்னதாக்கும் எந்திரம் என்று ஒன்றைக் காட்டி, பெரிய அறையில் பொம்மையை ஒளித்துவிட்டு, குழந்தையை வெளியே அழைத்துப் போய், எந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைத்தார்கள். திரும்பி வந்தால் அங்கே சின்ன அறை. இரண்டரை வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்போது பொம்மையைச் சுலபமாகக் கண்டுபிடித்தார்கள்! ஒன்று இன்னொன்றைக் குறிக்கிறது என்பதுதான் அவர்களுக்குக் கடினம். அறையே சுருங்கிவிட்டது என்பதை நம்புவது கடினமில்லை.

சொப்புச் சாமான் இந்தப் பாடத்துக்கு நல்ல கருவி என்பது என் எண்ணம். பெரிய அம்மி அடுக்களையில் கிடக்கும், குட்டி அம்மி கையில் இருக்கும். இரண்டையும் ஒரே நாளில் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு பிள்ளைக்குக் கிடைக்கிறது. ஆனால் விழுங்கக்கூடிய அளவுக்குச் சின்ன கரண்டியையும் மூடியையும் மூன்று வயது ஆகும்வரை தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயது அது. பொம்மை நாற்காலியில் உட்காரப் போகும்போது பின்னால் கூரான சாமானோ கல்தரை விளிம்போ இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும், தடுக்க வேண்டாம். அது உடைந்தால் பிள்ளையைத் திட்டவும் வேண்டாம்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள், பிள்ளை உட்கார்ந்து பழகிய நாற்காலியை வேறு அறைக்கு மாற்றிவிட்டு, அதே சாயலில் சின்னது ஒன்றைத் தரையில் வைத்துப் பாருங்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பிள்ளையின் கை விரல்களைக் கவனியுங்கள். உடம்பு தப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே விரல்கள் அந்தக் குட்டி நாற்காலியின் முதுகை எவ்வளவு சரியான இடைவெளியில் பிடிக்கின்றன என்பது அப்போது தெரியும். ஒரு பிள்ளை ஒரு தடவைகூட இதைச் செய்யாமல் போகலாம், இன்னொரு பிள்ளை வாரக்கணக்கில் செய்யலாம். இரண்டும் இயல்புதான்.