முல்லரின் வண்ணத்துப்பூச்சிகள் போலிகள் அல்ல

ஆங்கிலத்தின் ‘முல்லேரியன் மிமிக்ரி’யைத் தமிழில் ‘முல்லேரியன் போலித்தோற்றம்’ என்று யாராவது எழுதியிருப்பதைப் பார்த்தால், அவர் அந்தக் கருத்தைப் புரிந்துகொள்ளாமலே மொழிபெயர்த்துவிட்டார் என்று தயங்காமல் சொல்லிவிடலாம். இயற்கை பற்றிய காணொளிகளின் தமிழ்க் குரலில் இது அடிக்கடி வருகிறது, வினாவிடைத் தொகுப்புகளிலும் வருகிறது. கசக்கும் வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதைப் பற்றி ஃபிரிட்ஸ் முல்லர் என்ற இயற்கையாளர் சொன்னதே ‘இங்கே போலி எதுவும் இல்லை’ என்பதுதான். அவர் பெயரையே போலியோடு கட்டி வைத்தால் எப்படி?

சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கிரேக்கத்தில் ‘மிமோஸ்’ என்றால் பிறரைப் போல் நடித்துக் காட்டும் கூத்தாடி. அங்கிருந்து இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து ‘மிமிக்ரி’ ஆனது. நமக்கு மிமிக்ரி என்றால் மேடையில் நடிகர்களின் குரலில் பேசுவது. அதே சொல்லை 1862இல் பூச்சிகளுக்கு ஒரு கோட்பாடாக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். அமேசான் காட்டில் 11 ஆண்டுகள் வண்ணத்துப்பூச்சி பிடித்தவர். பறவைகள் தின்ன விரும்பாத, கசக்கும் இனம் ஒன்று இருக்கிறது. கசக்காத இன்னோர் இனம் அதே நிறமும் கோடும் கொண்டு தப்பித்துக்கொள்கிறது. இதுதான் பேட்ஸ் சொன்னது. இதற்குப் ‘போலி’ என்று பெயர் வைத்தால் நான் சண்டைக்கு வரமாட்டேன். நம் ஊர்க் கறிவேப்பிலை அழகியின் பெண் பூச்சிகளில் சில, உடலில் நஞ்சுள்ள சிவப்புடல் அழகியின் சாயலில் பறப்பது இந்த வகைதான்.

ஆனால் பேட்ஸின் கையில் ஒரு சிக்கல் மிஞ்சியது. கசக்கும் இனங்களே ஒன்றையொன்று ஒத்திருந்தன. இரண்டும் கசப்பு என்றால் யார் யாரைப் பார்த்து எதற்கு வேடம் போட வேண்டும்? அவரால் இதற்குச் சரியான விடை சொல்ல முடியவில்லை. விடை சொன்னவர்தான் ஃபிரிட்ஸ் முல்லர்.

முல்லர் ஜெர்மனியின் எர்ஃபுர்ட் நகருக்கு அருகில் பிறந்தவர். பெர்லினிலும் கிரைஃப்ஸ்வால்டிலும் படித்தார். மருத்துவம் படித்து முடித்தும் மருத்துவர் ஆகவில்லை, ஏனென்றால் உறுதிமொழியில் கடவுளையும் நற்செய்தியையும் சாட்சிக்கு அழைக்கும் வரியைச் சொல்ல மறுத்துவிட்டார். 1852இல் மனைவியோடும் தம்பியின் குடும்பத்தோடும் தெற்கு பிரேசிலின் புளுமெனாவ் குடியேற்றத்துக்குப் போய்க் காடு வெட்டி விவசாயம் செய்தார். அப்புறம் தெஸ்தேரோவில், இன்றைய ஃபுளோரியானோபொலிஸில், கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியார் என்பதை நினைவில் வையுங்கள். 1864இல் நண்டு, இறால் வகை உயிர்களை வைத்து டார்வினுக்கு ஆதரவாக ஒரு சிறு நூல் எழுதினார். அதிலிருந்து டார்வின் சாகும்வரை இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது, நேரில் சந்தித்ததே இல்லை. எறும்பு, கறையான், கொடுக்கில்லாத தேனீ, அத்திப்பழக் குளவி என்று அவர் எழுதாத பூச்சி குறைவு. 1876இல் ரியோ டி ஜெனிரோ தேசிய அருங்காட்சியகம் அவரை ஊர் சுற்றி ஆராயும் இயற்கையாளராக வேலைக்கு வைத்தது, 1891இல் வெளியே அனுப்பியது. 1897இல் புளுமெனாவிலேயே இறந்தார். டார்வின் அவரைக் கூர்ந்து நோக்குபவர்களில் தலைசிறந்தவர் என்று புகழ்ந்ததை ஒருவர் ‘நோக்கர்களின் இளவரசர்’ என்று தமிழாக்கியிருந்தார். அது வேறு கதை.

1879இல் ‘காஸ்மோஸ்’ என்ற ஜெர்மன் இதழில் அவர் எழுதிய கட்டுரை இட்யூனா, திரிடியா என்ற இரண்டு பிரேசில் வண்ணத்துப்பூச்சிகளைப் பற்றியது. வேறுவேறு கிளையில் வந்தவை, இரண்டும் கண்ணாடிச் சிறகு, இரண்டும் பறவைக்கு ஆகாதவை. அங்கேதான் கணக்கு வாத்தியார் எட்டிப் பார்க்கிறார். ஒரு வட்டாரத்தில் முதல் இனம் 10,000, இரண்டாம் இனம் 2,000 இருக்கிறது. ஓர் உருவத்தை ‘இது வேண்டாம்’ என்று கற்றுக்கொள்ள, அனுபவமில்லாத பறவைகள் ஒரு கோடையில் 1,200 பூச்சிகளைக் கொல்லும் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருவம் வேறுவேறு என்றால் ஒவ்வோர் இனமும் 1,200 இழக்கும். ஒரே உருவம் என்றால் மொத்த இழப்பே 1,200தான். எண்ணிக்கைக்கு ஏற்ப அதில் முதல் இனம் இழப்பது 1,000, இரண்டாவது இழப்பது 200. அதாவது சாவிலிருந்து முதல் இனத்துக்கு மிச்சமாவது 200, அதன் தொகையில் நூற்றுக்கு 2. இரண்டாவதுக்கு மிச்சமாவது 1,000, அதன் தொகையில் நூற்றுக்கு 50. இருவருக்கும் லாபம், சிறிய இனத்துக்குக் கொள்ளை லாபம். பறவைக்குப் பாடம் நடத்தும் செலவை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பறவையைக்கூட ஏமாற்றவில்லை. ‘நான் கசப்பேன்’ என்று சிறகு சொல்கிறது, கசக்கவும் செய்கிறது.

போலிக்காரர்களின் வாதமும் தெரியும். ‘போலி என்பது பழைய இலக்கணச் சொல், அறம் அறன் ஆவதும், பந்தல் பந்தர் ஆவதும் போலிதானே, அங்கே ஏமாற்று எங்கே?’ என்பார்கள். உண்மைதான். நன்னூல் படித்தவருக்குப் போலி என்றால் பொருள் மாறாமல் ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து நிற்பது. அந்தப் பொருளில் பார்த்தால் முல்லருக்கு அது நன்றாகவே பொருந்தும், மறுக்கவில்லை. ஆனால் காணொளி பார்க்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் போலி என்றதும் நினைவுக்கு வருவது கடைப்போலியா, போலி மருத்துவரா? போலிச் சான்றிதழ், போலிச் சாமியார், போலி மருந்து என்று நாளிதழ் தினமும் சொல்லிக்கொடுக்கும் பொருளை இலக்கண வகுப்பு வந்து அழித்துவிடாது. தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் தூய்மையாக இருந்து தப்பான பொருள் தரும் சொல்லைவிட ‘மிமிக்ரி’ என்றே எழுதிவிடுவது மேல். முல்லரே 1878இல் ஜெர்மனில் எழுதிய கட்டுரைத் தலைப்பில் அந்த ஆங்கிலச் சொல்லை அப்படியேதான் போட்டார்.

இன்னொன்றையும் போலிக்காரர்கள் பார்ப்பதில்லை. போலி பெருகினால் அசலுக்குக் கேடு. கசக்காத பூச்சிகள் அதே உருவத்தில் நிறைய வந்துவிட்டால் பறவைக்குத் துணிச்சல் வந்து அசலையும் கொத்திப் பார்க்கும். முல்லரின் வகையில் இது அப்படியே தலைகீழ். கூட்டம் பெருகப் பெருக எல்லாருக்கும் பாதுகாப்பு. விளைவே எதிரெதிராக இருக்கும் இரண்டுக்கும் ஒரே பெயரா?

மிமிக்ரிக்குச் சிலர் எழுதும் ‘போலச்செய்தல்’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை. செய்தல் என்றால் செய்பவர் ஒருவர் வேண்டும். பூச்சி எதையும் செய்யவில்லை. கொத்திக் கொத்திக் கழித்தது பறவையின் அலகு, தலைமுறை தலைமுறையாக. ‘தன் நிறத்தை மாற்றிக்கொண்டு எதிரியை ஏமாற்றுகிறது’ என்ற வாக்கியமெல்லாம் இந்தச் சொல்லிலிருந்துதான் முளைக்கிறது. இதையே ‘உருமறைப்பு’ என்று எழுதுபவர்கள் இன்னும் மோசம். இலையோடு இலையாக ஒளிவது உருமறைப்பு. இவை ஒளியவில்லை, பார் பார் என்று காட்டிக்கொண்டு பறக்கின்றன.

என் கணக்கு இது: பொதுப்பெயர் உருவொப்புமை. அதில் பேட்ஸ் சொன்னது போலியுரு, முல்லர் சொன்னது கூட்டுரு. ஆள் பெயர் வேண்டுமென்றால் ‘முல்லர் உருவொப்புமை’ என்று எழுதலாம். ‘முல்லேரியன்’ வேண்டாம். மருத்துவ நூல்களில் வரும் முல்லேரியன் குழாய் யோஹானஸ் முல்லரின் பெயரில் வந்தது. அவர் பெர்லினில் நம் ஃபிரிட்ஸுக்கு ஆசிரியர். பூச்சிகள் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதைப் பற்றி 1873இல் பெரிய நூல் எழுதிய ஹெர்மன் முல்லர் இவருடைய இன்னொரு தம்பி. வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லருக்கும் இவர்களுக்கும் சம்பந்தமே இல்லை. ஆகவே ஒரு தடவையாவது ‘ஃபிரிட்ஸ்’ என்று முழுப்பெயரைப் போட்டுவிடுங்கள்.